போதும் ஆபீஸ்

லிஃப்ட்காரரை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி ஓய்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் அழைத்து முடித்த பிறகு, கூரைக்கு மேல் ஒரு காலடிச் சத்தம் கேட்கும். “பயப்படாதீங்க, வந்துட்டேன்” என்று ஒரு குரல் வரும். இப்படி எத்தனையோ பேரை வெளியே எடுத்துவிட்ட மனுஷர், தானாக நடந்து போய் ஓர் ஆபீஸில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்ட காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேம் விளையாட அவர் வீட்டு நெட் பத்தவில்லை.

தலை நரைத்த காலத்தில் கேமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவருக்கு ஒரே பையன். கால் நீளம் என்பதால் சின்ன வயதிலேயே அவனுக்குக் கொக்கு என்று பேர் விழுந்துவிட்டது. கொக்குக்குப் பொழுது விடிந்தால் கேம், பொழுது சாய்ந்தால் கேம். ஒருநாள் பொறுமை போய், லிஃப்ட்காரர் மோடத்தைப் பிடுங்கித் தன் ஸ்பானர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். “விளையாடணும்னா வேற வீடு பாத்துக்க” என்றார். கோபத்தில் அப்பாமார் சொல்கிற நூறு பேச்சில் அதுவும் ஒன்று. ஆனால் பையன் பார்த்துக்கொண்டான். தூரத்து ஊரில் ஒரு ரூம், செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. வீட்டிலிருந்து போன் போனால் எடுப்பதில்லை. சர்டிபிகேட்டை அனுப்பி வைக்கச் சொல்லி விலாசம் மட்டும் ஒருமுறை வந்தது. அதை அவன் அம்மா மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

லிஃப்ட்காரருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. லிஃப்ட்டுக்கு வைத்தியம் தெரிந்தவருக்கு மனுஷர் வைத்தியமும் தெரிய வேண்டுமென்று கட்டாயமா என்ன. அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். கூட வேலை செய்யும் பையன்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த கேமைக் கற்றுக்கொண்டார். ‘லிஃப்ட்காரன்’ என்று பேர் வைத்துக்கொண்டு உள்ளே போய், கூட்டத்தில் ‘கொக்கு’வைத் தேடிப் பிடித்து, ஜோடி சேரக் கேட்டு அனுப்பினார். பல நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தை பேசாமல், கொக்கு சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு லிஃப்ட்காரர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கேம் இதுதான். ஆளில்லாத ஒரு பெரிய கட்டடத்துக்குள் இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். எதிராளிகள் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருப்பார்கள். ஒருவர் படியைக் காவல் காக்க, மற்றவர் மேலே ஏற வேண்டும். கடைசி மாடிக்கு உயிரோடு போய்ச் சேருகிற ஜோடி ஜெயிக்கும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, ஆனால் ஓடாது. லிஃப்ட்காரருக்கு அது ஒன்றுதான் உறுத்தல். பேச வேண்டுமென்றால் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். அப்பாவும் பையனும் பேசியதெல்லாம் இவ்வளவுதான்:

“லெஃப்ட்ல ஒருத்தன்.”

“பாத்துட்டேன்.”

“பாத்துப் போங்க.”

இந்தப் ‘பாத்துப் போங்க’வுக்காக அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பார். அவர் மனைவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

“குரல் கம்முதே, சளியான்னு கேளுங்க.”

“இரு, மேல ஆள் வர்றான்.”

“வந்தா வரட்டும். சாப்ட்டானான்னு ஒரு வார்த்தை கேளுங்க.”

அவர் கேட்டதில்லை. கேட்டால் அவன் எழுந்து போய்விடுவானோ என்று பயம்.

எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வட்டம் சுற்றுகிற வரைக்கும் லிஃப்ட்காரரின் ஆள் படியில் பிடித்து வைத்த மாதிரி நிற்பான். வட்டம் மறைந்து பார்த்தால், அவரை நம்பி மேலே போன கொக்கு குப்புறக் கிடக்கும். ஒவ்வொரு வாரமும் அவர் கண் முன்னாலேயே அவர் பையன் செத்தான், அவர் மரம் மாதிரி நின்றார். கேம்தான், ஆனாலும் ஒரு தகப்பனுக்கு அது நல்ல காட்சி இல்லை.

“அப்பா, லைனுக்கு ஏதாவது பண்ணுங்க” என்றான் கொக்கு ஒருநாள். “லீக் போட்டி வருது. ஜோடி பேர் குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. நீங்க இப்படி நின்னுட்டே இருந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும்.”

“சரி பண்ணிடறேன்.”

“மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்.”

முக்காலியில் இருந்தவளுக்கு முகம் செத்துப்போனது. வேறு ஆள் கிடைத்துவிட்டால் இந்தக் குரலும் போயிற்று.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள். லைன் திட்டப்படி ஓடுகிறதாம். “படம் பாக்க வேகம் வேணும் சார். கேமுக்கு வேகம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, போற சேதி உடனே போய்த் திரும்பணும். உங்க லைன்ல அது கொஞ்சம் ஆற அமரத்தான் திரும்புது. ஆனா அது போதுமா போதாதான்னு நாங்க சொல்லக் கூடாது. அதுக்குன்னு இணையப் போதுமை ஆணையம் இருக்கு.”

ஊரில் அதைப் போதும் ஆபீஸ் என்பார்கள். வீட்டு லைன் ஒருவருடைய தேவைக்குப் போதுமா என்று தீர்ப்புச் சொல்ல ஏற்பட்ட இடம். கட்டடம் புதுசு, கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஹால் நிறைய ஆட்கள், ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஒரு நம்பரைக் கூப்பிட்டால், கூப்பிட்டு ஓய்ந்த பிறகு ஓர் ஆள் தலையைத் தூக்குவார். கொஞ்சம் கழித்து எழுந்திருப்பார். யாரும் முணுமுணுக்கவில்லை. லிஃப்ட்காரருக்குத்தான் கால் நிலைகொள்ளவில்லை. அவர் நம்பர் வந்ததும் துள்ளி எழுந்தார், ஹால் முழுவதும் மெல்ல மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது.

கவுண்டரில் இருந்தவர் மட்டும் படுவேகமாக இருந்தார். “எதுக்குப் போதல?”

“கேமுக்கு சார். பையன்கூட விளையாடுறேன்.”

“எழுதிக்கிட்டேன். இனிமே இந்தப் புகாரைத் திரும்ப வாங்க முடியாது, தெரியும்ல?”

“எதுக்கு சார் திரும்ப வாங்கப் போறேன்?”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க” என்று அவர் கனிவாகச் சொன்னார்.

மறுநாளே வீட்டுக்குப் பரிசோதகர் வந்துவிட்டார். எந்த அரசாங்க ஆபீஸிலிருந்து மறுநாளே ஆள் வருகிறார்கள்? அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். லிஃப்ட்காரரோ பூரித்துப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பரிசோதகர் மெலிந்த, மரியாதையான ஆள். கூட ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதவியாளர் ஒருத்தர். அவர் வாயே திறக்கவில்லை, கண்ணை மட்டும் நாலாபக்கமும் ஓட்டினார்.

“லைனைத் தூய நிலையில சோதிக்கணும்” என்றார் பரிசோதகர். தூய நிலை என்றால் வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எதுவும் ஓடக் கூடாது. புருஷனும் மனைவியும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போடப்படுகிற சத்தத்தைக் கேட்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

“பிரமாதம் சார். ஆள் இல்லாத வீட்ல உங்க லைன் தங்கமா ஓடுது.”

“ஆள் இருந்தாதான சார் கேம் விளையாட முடியும்?”

“அதைத்தான் சொல்றேன். குறை அங்கதான் ஆரம்பிக்குது.”

உதவியாளர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன பல்பு, ஒரு பட்டன். பல்பு எரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். லிஃப்ட்காரருடையதோ, காலமெல்லாம் மூடப்போகிற கதவுகளுக்கு நடுவே விரலை விட்டு எடுத்த கை அது. பல்பு முழுதாக எரிவதற்குள் பட்டன் கீழே போயிற்று. பரிசோதகரின் முகம் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் முகமாக மாறியது. மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னார். மறுபடியும் அதே கதை.

“வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

“எப்படி சார்?”

“வேகம்.”

அம்மாக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க பையனுக்கு இவரை விட வேகம் சார். செல்போனைக் கண்ணை மூடிக்கிட்டே கழட்டி மாட்டிடுவான்.”

உதவியாளர் அப்போதுதான் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“விஷயம் இதுதான் சார்” என்று பரிசோதகர் விளக்கினார். “உங்க லைன் ஒரு சேதியைக் கொண்டுபோய்த் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குது. உங்க கை அதுக்கு முன்னாடியே போய் அங்க நின்னுக்கிட்டு, லைன் வரலையேன்னு புகார் குடுக்குது. லைன் போதும். உங்க கைதான் அதிகம்.”

“லைனை வேகமாக்க முடியாதா?”

“லைன் எங்க அதிகாரத்துல வராது சார். அது கம்பெனியோடது. எங்க அதிகாரத்துல வர்றது நீங்க.”

பெட்டியின் அடித்தட்டிலிருந்து இரண்டு சாம்பல் நிறக் கையுறைகள் வெளியே வந்தன. பேர் இசைவுக் கையுறை. விரல் விரலாக ஈயக் குண்டு வைத்துத் தைத்திருந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு பூட்டு. சாவி ஆணையத்தில் இருக்கும். குளிக்கும்போது மேலே ஒரு கவரைச் சுற்றிக்கொள்ளலாம், அதற்கு ஆணையம் ஆட்சேபிப்பதில்லை. “கொஞ்ச நாள் போட்டா போதும். அப்புறம் கழட்டினாலும் கை அப்படியே நிதானத்துக்குப் பழகிடும். யாரும் வலிச்சதா சொன்னதில்ல.”

“போடலன்னா?”

“லைனைத் துண்டிச்சிடுவாங்க. விதி அப்படி. மாசக் கடைசிக்குள்ள ஏதோ லீக்னு சொன்னீங்களே.”

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார்.

இரண்டு நாளிலேயே சட்டைப் பட்டன் போடுவது தலையால் தண்ணீர் குடிக்கிற வேலையாகிவிட்டது. தம்ளரைப் பிடிக்கப் போனால் கை சாவகாசமாகப் போய்ச் சேரும். தினமும் காலையில் உதவியாளர் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். கையுறை இருக்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பதும் ஒரு விதியாம், அதையும் போகிறபோக்கில் சொன்னார். வேலை இடத்தில் முதலாளி அவர் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “இந்தக் கையோட மேல ஏற வேணாம்ண்ணே. கீழயே நின்னு, வர்றவங்களுக்குப் பட்டன் அமுக்கி விடுங்க. அது ஒண்ணும் கேவலமில்ல.” கேவலம் இல்லை என்று சொன்னாலே என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

கை வலிக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் கையுறையைப் பார்த்தார். கொஞ்சம் கழித்துச் சிரித்தார். அப்புறம் தன் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துப்போன ஒரு வளையம் இருந்தது.

“எனக்குப் போன வருஷம்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “படம் பாக்க லைன் பத்தலன்னு தெரியாத்தனமா எழுதிக் குடுத்துட்டேன்.”

“இப்போ?”

கடைக்காரர் யோசித்தார். யோசித்தார் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அது யோசனை இல்லை, பதில் வந்துகொண்டிருக்கிறது என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது.

“இப்போ பத்துது” என்றார் கடைக்காரர்.

அன்றைக்குத் தெருவில் நடந்து வரும்போது லிஃப்ட்காரர் ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவள், பால் வண்டிக்காரர், டியூஷன் எடுக்கும் வாத்தியார் என்று எங்கே பார்த்தாலும் வளையம். இத்தனை நாள் இவர்களையெல்லாம் சோம்பேறிகள் என்று நினைத்திருந்தாரே, அதற்கு மனசுக்குள் வருத்தப்பட்டார்.

ஞாயிறு வந்தது. ஆணையத்தின் பேச்சுப் பொய்யில்லை. வட்டம் சுற்றியது, ஆனால் அவர் கை அதற்கு முன்னால் போகவில்லை. வட்டமும் அவரும் ஒன்றாகவே நின்று ஒன்றாகவே நகர்ந்தார்கள். அவருக்கும் லைனுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. என்ன பிரயோஜனம், எதிர்முனையில் இருந்தவன் கொக்கு. அவன் மூன்று மாடி ஏறி, சுற்றி வளைக்கப்பட்டு, தனியாகச் செத்த பிறகும் அப்பாவின் ஆள் முதல் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க நிக்கிறீங்க? என்னப்பா ஆச்சு உங்க கைக்கு?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. பட்டனை அமுக்கிப் பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான்.

மறுநாள் லிஃப்ட்காரர் போதும் ஆபீஸுக்குப் போய், மேலே பெரியவர்களைப் பார்த்தே தீருவேன் என்று நின்றார். தடை சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். ஆணையர் ஓர் அம்மாள். தாய் மாதிரி முகம், பஞ்சு மாதிரி குரல். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் ஓடிய வேகத்தை லிஃப்ட்காரரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேஜை மேல் கம்ப்யூட்டரில் படம் நூல் பிடித்த மாதிரி தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு மட்டும் லைன் வேகமா இருக்கேம்மா” என்று கேட்டுவிட்டார்.

“இருக்கணும்ல சார். எங்களது வேகமா இல்லன்னா உங்களது மெதுவா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” ஒரு சுளையை அவருக்கு நீட்டினார். அவர் கை போய்ச் சேரும் வரை பொறுமையாக நீட்டிக்கொண்டே இருந்தார். “முன்னாடியெல்லாம் இந்த வாசல்ல எவ்வளவு கூட்டம் தெரியுமா? லைன் பத்தல, லைன் பத்தலன்னு ஒரே கூச்சல். நாங்களும் விவரம் இல்லாம கம்பெனிக்கு எழுதிக்கிட்டே இருந்தோம். கம்பெனி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. யாருக்குப் பத்தலன்னு. அதுலதான் எங்களுக்குக் கண்ணு திறந்துச்சு. லைனை மாத்தணும்னா ரோடைத் தோண்டணும். மனுஷனை மாத்த எதையும் தோண்ட வேணாம். அந்த நன்றிக்குத்தான் கம்பெனி எங்களுக்கு இந்தக் கட்டடமே கட்டிக் குடுத்தாங்க.”

“எனக்கு அதெல்லாம் வேணாம்மா. பையன் முன்னாடி ஓடிடுறான். என்னால கூடப் போக முடியல. இந்தக் கையுறையைக் கழட்டி விட்டுடுங்க.”

“இதுவரைக்கும் ஒருத்தருக்கும் அப்படிச் செஞ்சதில்ல. கழட்டினா, போட்டதே தப்புன்னு ஆயிடும். ஆணையம் தப்பு செய்யலாமா?” அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “உங்க தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க சார். புகார் குடுக்காதவங்க வீட்டுக்குள்ள நாங்க காலடி வைக்க முடியாது. சட்டத்தை மதிக்கிறவங்க நாங்க. நீங்களா எப்போ வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தோம். கடைசியில பாசம் கூட்டிட்டு வந்துடுச்சு. எனக்கும் பையன் இருக்கான், புரியுது. உங்க பிரச்சினை ரொம்பச் சின்னது. ஒரு முனைல தாமதம் இருந்தா அது குறை. ரெண்டு முனைலயும் இருந்தா அது பொருத்தம். பையன் விலாசத்தைச் சொல்லுங்க. அந்த ஊர்லயும் நமக்கு ஆபீஸ் இருக்கு.”

செல்போனின் கடுகு போன்ற ஸ்க்ரூக்களைத் தொட்டு எடுக்கும் பையனின் விரல்கள் லிஃப்ட்காரர் கண் முன்னால் வந்தன. அந்தக் கைதான் அவனுக்குச் சோறு.

“என் பையன் கையைத் தொடாதீங்க. கேமே வேணாம். லைனையும் பிடுங்கிக்கங்க.”

“அவசரப்படாதீங்க. வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க. இங்க யாருக்கும் அவசரமில்ல.”

படியிறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. பையனை இழந்தாலும் இழப்போம், அவன் கையைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு தடவையாவது அப்பாவாக நடந்துகொண்டோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி வெகுநாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து நின்றாள். மேஜையில் இரண்டு காலித் தம்ளர்கள் இருந்தன.

“அந்த ரெண்டு பேரும் வந்துட்டுப் போனாங்க. எவ்வளவு தன்மையான மனுஷங்க. நம்ம புள்ள ரூமுக்கே நேர்ல போய்ப் பாக்கப் போறாங்களாம்.”

“விலாசம் குடுத்தியா?”

“குடுக்காம? நம்மள உள்ள விட மாட்டான். ஆபீஸ்காரங்கன்னா கதவைத் திறப்பான்ல. ஒல்லியா இருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கன்னு சொன்னேன். சரிம்மான்னாங்க.” அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “ஏங்க? தப்பா?”

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை யாராவது ஒருத்தர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்ல மாட்டார்களா என்று கிடந்தவள். கையுறை எதற்கு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

போன் போட்டார், அவன் எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் போனை வாங்கி அதிலிருந்து போட்டார், தெரியாத நம்பரையும் அவன் எடுப்பதில்லை. நேரில் போகலாமென்று இரண்டு பேரும் கிளம்பினால் பஸ் நிலையத்து வாசலிலேயே உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். என்ன சார் இந்தப் பக்கம் என்று விசாரித்துக் கூடவே நடந்து வந்து வீட்டில் கொண்டு விட்டார். கடைசியில் கேமுக்குள் போய், கொக்கு பேருக்கு ஒரு மெசேஜ் அடித்தார். ஈயக் கையால் ஓர் எழுத்தைத் தொடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ‘கதவைத் திறக்காதே.’ அடித்து அனுப்பினார். மெசேஜுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. புருஷனும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து விளக்குப் போட்டாள், விடிந்ததும் அணைத்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிறு கொக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தினமும் அவள் ஒருமுறை வந்து வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவரோ கட்டட வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பட்டன் அமுக்கினார். இப்போதெல்லாம் அவர் அமுக்குவதற்குள் அவர்களே அமுக்கிக்கொண்டு மேலே போனார்கள்.

மாசக் கடைசி ஞாயிறன்று பரிசோதகரும் உதவியாளரும் கேட்காமலே வந்து உட்கார்ந்தார்கள். “இன்னைக்கு முடிச்சிடலாம் சார்” என்றார் பரிசோதகர். சொன்ன மாதிரியே கொக்கு வந்தது.

இருவரும் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அப்பாவின் ஆள் ஒரு படி ஏறினால் பையனின் ஆளும் ஒரு படி ஏறினான். இவன் நின்றால் அவனும் நின்றான். எதிராளிகள் முகத்துக்கு நேரே வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் விழுந்தார்கள். மறுபடி சேர்ந்தாற்போல் எழுந்தார்கள். முதல் தடவையாக அவன் அவரை விட்டு ஓடவில்லை.

“கேக்குதாப்பா” என்றான் கொக்கு. குரல் எங்கேயோ கிணற்றடியிலிருந்து ஏறி வந்த மாதிரி இருந்தது. “ரிப்பேர் வேலைல இருந்து எடுத்துட்டாங்க. வாசல்ல நின்னு டோக்கன் குடுக்குறேன்.”

லிஃப்ட்காரர் பட்டனை அமுக்கிப் பிடித்தார். மனைவி அவர் தோளுக்கு மேல் குனிந்து, தானே கேட்டாள். “சாப்ட்டியாப்பா?”

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

“இன்னும் இல்லம்மா.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பரிசோதகருக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது போலும். எழுந்து வந்து லிஃப்ட்காரர் தோளைத் தட்டினார்.

“பாத்தீங்களா? அதே லைன்தான். ஒரு கம்பியைத் தொடல. இப்போ கேமுக்குப் போதுமா இல்லையா?” பிறகு அம்மாக்காரியிடம் திரும்பினார். “உங்க பையனைப் பாத்தோம்மா. ஒல்லியெல்லாம் இல்ல. கதவைத் தட்டினதும் டக்குனு திறந்துட்டார். நல்ல பிள்ளை.”

திரையின் ஓரத்தில், இத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்ன வட்டம் நின்று மறைந்தது.

“அப்பா” என்றான் கொக்கு. “உங்க மெசேஜ் ஒண்ணு இப்பதான் வந்து விழுது. கதவைத் திறக்காதேன்னு போட்டிருக்கீங்க. எந்தக் கதவுப்பா?”

லிஃப்ட்காரர் பேசுகிற பட்டனை அமுக்கக் கையை நீட்டினார். கை இன்னும் போய்ச் சேரவில்லை.